பலகையில் ஈர முத்திரை

அக்டோபர் 19. ஏழாண்டுகளாக ஒரே தெருவில் வாழ்ந்தும், வீடுவீடாகச் சுற்றிவரும் அறிவிப்புப் பலகை பெரு நாட்டவரான எலாடியோவுக்கு மட்டும் வந்ததில்லை, இது அநீதி.

அன்று காலை, சருகு கூட்டும் பணிக்கு அழைக்கும் அப்பலகை அவர் கதவில் தொங்கியது. பட்டியலின் கடைசியில் அவர் பெயர் இருந்தது. அதற்கு மேலே, அடுத்த வீட்டு குவாபாரா அம்மையார், படித்ததற்கு அடையாளமாக இட்ட சிவப்பு முத்திரை ஈரம் காயாமல் இருந்தது.

“யாருங்க என் பேரைச் சேர்த்தது?” என்று எலாடியோ தெருத் தலைவர் நொசாகியிடம் கேட்டார்.

“நான் இல்லீங்க. இது குவாபாரா அம்மா எழுத்தாச்சே! குப்பையை ஒழுங்காப் பிரிக்கிற ஒரே ஆளு நீங்கதான், சேருங்கன்னு என் உயிரை வாங்குனாங்க. ஆனா, ஏப்ரல்லயே செத்துட்டாங்களே?”

எலாடியோ பூட்டிக் கிடந்த அந்த அடுத்த வீட்டை நோக்கிக் குனிந்து வணங்கி, நன்றியோடு தம் முத்திரையைப் பதித்தார்.

வாசகரே, உம் தெருவில் விடுபட்ட பெயரை நீரே எழுதும். அதற்காக இறந்தவரை எழுந்துவர வைக்காதீர்.