திரையில் அறுபத்தாறு

"இப்பல்லாம் பொய் சொல்றதுக்கு ஒருத்தனுக்கும் கூச்சமே கிடையாதும்மா. முன்னாடியெல்லாம் காதோட காதா சொல்லுவான். இப்ப டிவியில சொல்லி, கீழ எழுத்தும் ஓட விடுறான்!"

பெரியவர் மேசையைத் தட்டினார். உடுப்புகளை டிவியில் காட்டி ஃபோனில் விற்கிற சேனல் அது. எதிரே இருந்த நிகழ்ச்சி மேலாளர் சின்னப் பெண். நேரலைக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நகர்த்தினார்.

"முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க ஐயா."

"எதுக்கு? பேரை வாங்கி வெச்சுக்கிட்டு நாளைக்கு ஃபோன் மேல ஃபோன் போட்டு என் தலையில சட்டையைக் கட்டுவீங்க. பேரெல்லாம் கிடையாது. புகார் மட்டும்தான்."

"சரி, புகாரையாவது சொல்லுங்க."

"மூணு மணி நிகழ்ச்சியில கவுன் போட்டுக்கிட்டு நரைச்ச தலையோட ஒரு அம்மா நிக்குதே, அதுக்குப் பக்கத்துல இந்த வாரம் புதுசா ‘வயது 66’னு போடுறீங்க. பச்சைப் பொய். அதுக்கு அறுபதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் கண்ணு இருக்கு."

அவள் சிரித்தாள். "நிறைய பேர் இப்படித்தான் சொல்றாங்க ஐயா. அவங்க அவ்வளவு நிமிர்ந்து நிக்கிறாங்க."

"முதுகுப் பக்கம் ஆறு கிளிப்பு போட்டுத் துணியை இறுக்கிட்டா, விளக்குக் கம்பம் கூட அழகாத்தான் நிக்கும்."

"கிளிப்பு போடுறது வெளியில யாருக்கும் தெரியாதே..."

"எல்லாம் தெரியும்." அவர் சுவரைப் பார்த்தார். "தெருவுல நாலு பேரு கேக்குறான்மா."

"கேட்டா உங்களுக்கென்ன ஐயா?"

"எனக்கென்ன? பொய்யின்னா பொய்தானே!"

இவர் லேசில் கிளம்புகிற ஆள் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போன வருஷம் வரைக்கும் வயசானவங்க உடுப்பை இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் மாட்டிக் காட்டினோம். வித்ததுல பாதி திரும்பி வந்துச்சு. ஒரு அம்மா சீட்டே எழுதி வெச்சு அனுப்பினாங்க. ‘உடுப்பு வந்துருச்சு, டிவியில அதைப் போட்டிருந்த உடம்பைத்தான் அனுப்ப மறந்துட்டீங்க’ன்னு."

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்தார்.

"அதனாலதான் அறுபத்தஞ்சு தாண்டினவங்களை மட்டும் நிறுத்துறோம். இந்த அம்மா வந்தப்புறம் ஃபோன் ஓயல. ஆனா நீங்க சொல்றது நிஜமா இருந்தா, அவங்களை இப்பவே அனுப்பிடணும். எங்க சட்டம் அப்படி."

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அனுப்பணுமா? உன்னை யாரு அனுப்பச் சொன்னா? நிக்கட்டும். நல்லாத்தானே நிக்குது! நம்பரை எடுன்னுதான் சொல்றேன்."

"வயசு போடலைன்னா யாரு நம்புவாங்க?"

"போட்டதாலதானே நான் நம்பல!"

அவள் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, பிறப்புச் சான்றிதழை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார், பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஜெராக்ஸ். அந்த மெஷினுக்கென்ன, போட்டதைக் கக்கும்."

"ஒரிஜினலை நானே பார்த்தேன் ஐயா."

"ஒரிஜினல் எழுதினவனைப் பாத்தியா?"

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஃபோனை எடுத்தாள். "மேக்கப் ரூமா? அம்மாவை உடனே இங்க வரச் சொல்லுங்க."

பெரியவர் சட்டென்று எழுந்தார். "அதெல்லாம் எதுக்கு? நான் கிளம்புறேன்."

"உட்காருங்க ஐயா! இது ஒருத்தங்க பொழப்பு. என்கிட்ட சொன்னதை அவங்க முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போங்க."

கதவு திறந்தது. பாதி மேக்கப்போடு, நீலக் கவுனும் முதுகில் வரிசையாகக் கிளிப்புகளுமாக அந்த அம்மா வந்து நின்றார்.

"அம்மா, உங்களுக்கு அறுபதுதான்னு இவர் அடிச்சுச் சொல்றார். நிஜமா இருந்தா இன்னிக்கு நீங்க நிக்க முடியாது. நீங்களே சொல்லிடுங்க."

அந்த அம்மா பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபத்தாறுதான் மேடம். காகிதத்துல இருக்கிறதுதான் நிஜம். இவர் சொல்றது எங்கப்பா சொன்ன கணக்கு. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி, என்னை இவருக்குக் கட்டிக் குடுக்குறப்ப ஆறு வயசைக் குறைச்சுச் சொல்லிட்டார்."

"நீ ஏன்டி சொல்லல?" பெரியவர் தலையை நிமிர்த்தினார்.

"என் வயசை என்கிட்ட யாருங்க கேட்டீங்க? முதல் முதலா கேட்டது இந்தச் சேனல்தான்."

அறுபத்து மூன்று வயதுப் பெரியவர் தன்னைவிட மூன்று வயது மூத்த மனைவியை மேலும் கீழும் பார்த்தார். "இந்த உலகத்துல நான் நம்பின ஒரே ஆளு உங்கப்பன்தான். அந்த மனுஷன் பொய்யெல்லாம் சொல்லியிருக்க மாட்டார்" என்று முனகிக்கொண்டே, ஜெராக்ஸை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.