கேட் வரைக்கும்

சர்ச் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினேன்.

“இறங்கு, மணி அடிச்சிட்டாங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?”

“ம்.”

“பைபிள்?”

“எடுத்துக்கிட்டேன். நீயும் உள்ள வாயேன்.”

வாரா வாரம் இதே பல்லவிதான்.

“எனக்குக் கடையில தலைக்கு மேல வேலை இருக்கு. நீ போய் உக்காரு. முடிஞ்சதும் வந்து ஹாரன் அடிக்கிறேன்.”

பக்கத்தில் சீட் பெல்ட்டைக் கழற்ற வராமல் விரல்கள் தடுமாறின. நானே கழற்றிவிட்டேன்.

“நாளைக்கு எனக்கு ஆபரேஷன். பயமா இருக்கு. இன்னைக்கு மட்டும் வாயேன்.”

“அதான் உள்ள பாஸ்டர் இருக்காரே, ஜெபம் பண்ணுவாரு.”

“அவரு வேணாம். நீ பண்ணணும்.”

எரிச்சலாக வந்தது. “எனக்கு எங்க ஜெபம் பண்ணத் தெரியும்? யாரு சொல்லிக்குடுத்தா?”

“இதே கேட்டுல உன்னை வாரா வாரம் இறக்கிவிட்டேனே! சண்டே ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கலையா?” என்றாள் அம்மா.

“நீ கடைக்குக் கிளம்பினதும் பின்பக்கச் சுவரேறிக் குதிச்சு ஓடிருவேன்மா. நீ திரும்பி வந்து ஹாரன் அடிக்கும்போது இங்க வந்து நிப்பேன்.”

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பரவால்லடா. தெரிஞ்சதைச் சொல்லு” என்று கண்ணை மூடினாள்.

நானும் தலையைக் குனிந்தேன். உள்ளே முதல் பாட்டு தொடங்கி, முடிந்தும் விட்டது. அம்மா கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள்.

எனக்குத் தெரிந்தது ‘ஆமென்’ மட்டும்தான்.