அடைத்த வாசல்

சமோவாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறிய வாரம், பேருந்தின் பழைய வாசல் வழியாக நடுச்சாலையில் இறங்கிய சிறுமி லோசா லாரியில் அடிபட்டு இறந்தாள். பேருந்தை ஓட்டிவந்த அவள் அப்பா ஃபெலெட்டி அந்த வாசலைத் தகரத்தால் அடைத்துவிட்டு, மறுபக்கம் புதுவாசல் வெட்டினான்.

இருக்கை நிறைந்துவிட்டால் அடுத்தவர் மடியில் உட்காருவது அங்கே வழக்கம்.

"மலியாக்கா, உன் மடி என்ன மாமாவுக்கு மட்டுந்தானா? நானும் உக்காந்துக்கறேன்" என்றாள் புதுவாசலில் ஏறிய ஒருத்தி.

"ஆள் இருக்குடி" என்றாள் லோசாவின் அம்மா.

தேவாலய நிறுத்தத்தில் அவள் மடியிலிருந்த சூடான கனம் எழுந்தது.

"இந்தப் பக்கமா இறங்கு கண்ணு" என்று புதுவாசலைக் காட்டிக் கெஞ்சினாள்.

எதிரே லாரி வந்தது. ஃபெலெட்டி, தினமும்போல, ஹாரனை விடாமல் அழுத்தினான். தகரத்துக்கு அப்பால், சாலையில் சின்னக் கால்கள் குதிக்கும் சத்தம் கேட்டது.