உபயதாரருக்கு ஓர் அறை

"இன்னா அண்ணாத்த இது! கோயில் தெருவுல உங்களுக்குன்னே மாடி ரூமு பேசி வெச்சிருக்கேன். கச்சேரிப் பந்தலுக்கு நேர் எதுக்க. படுத்துக்கினே பாட்டு கேக்கலாம். அத வுட்டுட்டு பாய் லாட்ஜுக்குப் போவணும்ன்றீங்களே!"

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் விழாக் கமிட்டி ராஜாராம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எதிரே நின்ற தர்மராஜ் சதுரங்கப்பட்டினத்து நெல் வியாபாரி. செங்கல்பட்டு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் மூன்று நாள் கச்சேரியும் அவர் உபயம். அதற்காகக் காப்புக் கட்டிக்கொண்டு, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வந்து இறங்கியிருந்தார். காப்பு அவிழ்க்கும்வரை கவிச்சி தொடக் கூடாது.

"ஏன், பாய் மனுசன் இல்லியா?" என்றார் தர்மராஜ், பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற குரலில். "சொதந்திரம் வந்து எத்தினி வருசம் ஆச்சு? இன்னும் நீ வேற, நான் வேறன்னு பேசிகினு கீறீங்களே! அம்மன் அப்படியா சொன்னா?"

ராஜாராமுக்கு முகம் சுண்டிப் போயிற்று. கண்ணும் கலங்கிவிட்டது.

"தப்புதான் அண்ணாத்த. உங்க மனசு யாருக்கு வரும்? சாயந்தரம் கச்சேரிக்கு முன்ன இத மைக்குல சொல்லி, உங்களுக்கு ஒரு மாலையும் போட்டுடறேன்."

வேண்டாம் என்று தர்மராஜ் தலையை ஆட்டினார். ரொம்ப ஆட்டவில்லை.

விஷயம் என்னவென்றால், ஜெயினுலாபுதீன் பாய் லாட்ஜின் மட்டன் பிரியாணிக்கு மூன்று தாலுகாவில் பேர். தர்மராஜோ கடற்கரைக்காரர், மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள். காப்புக் கட்டிய நாளிலிருந்து அவர் சம்சாரம் சுரைக்காயும் பூசணிக்காயுமாகப் போட்டு நாக்கைச் சாகடித்து வைத்திருந்தாள். உள்ளூரில் ஒரு நெத்திலியை மோந்து பார்த்தால்கூட ஊரெல்லாம் தெரிந்துவிடும். வெளியூரில், பாய் லாட்ஜில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டால் அம்மனுக்கே தெரியாது என்று நினைத்துத்தான் புறப்பட்டு வந்திருந்தார்.

ராஜாராம் முன்னால் ஓடிப் போய் எல்லாவற்றையும் பாயிடம் ஒப்பித்துவிட்டார். ஜெயினுலாபுதீன் வாசலுக்கே வந்து தர்மராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊர்ல இத்தினி லாட்ஜு இருக்க, என் எடத்தத் தேடி வந்தீங்களே மொதலாளி! எனக்குப் பேச்சே வரல."

முன்பக்கத்துப் பெரிய அறையைத் திறந்து காட்டினார். நல்ல காற்று. தர்மராஜுக்கு அது பிடிக்கவில்லை.

"பின்னால ஒண்ணு கீதே, அது?"

"அது வாணாம் மொதலாளி. சமையக்கட்டு ஒட்டினாப்புல கீது. ஒரே புழுக்கம்."

"புழுக்கம்தான் எனக்கு ஒத்துக்கும்," என்றார் தர்மராஜ் அவசரமாக.

"சரி, நாஸ்தா அனுப்பட்டுமா?"

"வாணாம் பாய். மதியம் பாத்துக்கலாம்."

வயிற்றில் இடம் விட்டு வைப்பதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

உச்சி வேளை நெருங்கும்போது வெங்காயம் வதங்கும் வாசனை சுவரைத் தாண்டி வந்தது. கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். சாப்பாட்டை அறைக்கே கொண்டு வரச் சொல்லலாம் என்று கதவைத் திறப்பதற்குள் பாயே வந்து கூடத்துக்குக் கூட்டிப் போனார்.

கூடத்தில் மூன்று இலை. ஒன்றின் முன்னால் ராஜாராம்!

"நீங்க சாப்புடற எடத்துல நானும் சாப்புடறேன் அண்ணாத்த. இன்னியிலேர்ந்து எனக்கும் வித்தியாசம் கெடயாது."

இன்னொன்றில் புதுச் சட்டையும் அத்தர் வாசனையுமாக ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். நடு இலையில் தர்மராஜ் உட்கார்ந்தார்.

சோறு விழுந்தது. அதன் மேல் சாம்பார் விழுந்தது.

தர்மராஜ் சாம்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெங்காய சாம்பார், மொதலாளி!" என்றார் பாய். "கோயில் தெருவுலேர்ந்து சமையக்காரரக் கூட்டியாந்து, புதுப் பாத்திரம் வாங்கிக் குடுத்து வெக்கச் சொன்னேன். காப்புக் கட்டினவரு தங்கற எடம் இது. நீங்க கெளம்பற வரைக்கும் இந்த அடுப்புல கவிச்சி ஏறாது."

"எதுக்கு பாய் இத்தினி சிரமம்?" என்று தர்மராஜ் சோற்றைப் பிசைந்தார்.

"இன்னா சிரமம்? இவரு முனீரு. என் மவ பதருன்னிசாவக் கட்டின மாப்ள. நிக்கா முடிஞ்சி மொத விருந்துக்கு இன்னிக்குத்தான் வந்துகீறாரு. பிரியாணிக்குன்னு கிடா வாங்கிக் கட்டி வெச்சிருந்தேன். நீங்க வர்றீங்கன்னதும் அவுத்து அனுப்பிச்சிட்டேன். மாப்ளைக்கு அப்பறமா ஆக்கிப் போட்டா ஆச்சு. உங்கள மாதிரி மனுசன் இன்னொரு தபா வருவாரா?"

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாய் பொரியல் எடுத்துவர உள்ளே போனார்.

"இதையும் மைக்குல சொல்லியே ஆவணும்," என்று ராஜாராம் மூக்கை உறிஞ்சினார்.

தர்மராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இவ்வளவு பெரிய மரியாதையை அவருக்கு இதுவரை யாரும் செய்ததில்லை. அது தனக்குச் சேர வேண்டியதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். ராஜாராமையும் மாலையையும் நினைத்து அந்த வாய்க்குள் ஒரு கவளம் சாம்பார் சோற்றைத் திணித்துக்கொண்டார்.

ராஜாராம் தண்ணீர்ச் சொம்பை எடுக்க அந்தப் பக்கம் திரும்பிய நேரம், முனீர் மெல்ல தர்மராஜின் காதோரம் சாய்ந்தான்.

"சாம்பாரப் பாத்ததும் உங்க மூஞ்சி போன போக்க நான் பாத்துட்டேன் அண்ணாத்த. எங்க மாமாகிட்ட நெசத்தச் சொல்லிடுங்க. நாம ரெண்டு பேருமே பொழச்சிக்கலாம்."