குத்தாத பேனா

“மூஞ்சியத் திருப்பிக்குங்க. இது வெறும் பயிற்சிப் பேனா. இதுல ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. எத்தனை தடவைதான் சொல்றது?”

கட்டிலில் மல்லாந்து கிடந்த கணவர், தலையணையை எடுத்து முகத்தில் அமுக்கிக்கொண்டார். “எடுத்து வச்சு அரை மணி ஆச்சா?” என்று தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஆச்சு, ஆச்சு. ஆடாம இருங்க.”

இடது தொடையைத் துடைத்துவிட்டுப் பேனாவை வைத்து அழுத்தினாள். ‘டக்’ என்றது. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினாள். மறுபடி ‘டக்’.

“யம்மாடி! பயிற்சிப் பேனாவே இந்தக் குத்து குத்துதே, நிஜப் பேனா வந்தா நான் போய்ச் சேர்ந்துடுவேன்.”

“ரொம்ப அலட்டாதீங்க. உள்ள ஸ்பிரிங் இருக்குல்ல, அது இழுக்குது.”

மனுஷன் சோபா தைக்கிறவர். ஒரு சாண் நீள ஊசியை நாள் முழுக்க ரெக்சினில் ஏற்றி இறக்குவார். தப்பித்தவறி விரலில் ஏறினால் சப்பிவிட்டு அடுத்த தையலைப் போடுவார். ஆனால் ஆஸ்பத்திரி ஊசியைக் கண்ணால் பார்த்தால் போதும், ஆள் சரிந்துவிடுவார். நர்ஸ் நிஜப் பேனாவின் மூடியைக் கழற்றிக் காட்டிய அன்று நாற்காலியோடு சாய்ந்தவரை மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது.

அந்த மருந்து இல்லாமலும் முடியாது. முழங்கையிலும் தலையிலும் தோல் செதில் செதிலாக உதிர்ந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் ஒரு வருஷம் வீட்டோடு கிடந்தார். ஓட்டல் சலவைக் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றபடியே இஸ்திரி போடுகிறவள், கிளம்புவதற்கு முன்னால் அவருக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டுப் போவாள். திரும்பி வந்து கழற்றிவிடுவாள்.

களிம்பும் மாத்திரையும் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, பேனா மாதிரி இருக்கும், வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

“மொதல்ல பயிற்சிப் பேனாவுல நல்லா பழகிக்கிறேன். அப்புறம் பாக்கலாம்” என்றார் இவர். அந்த ‘அப்புறம்’ வருகிற வழியாகக் காணோம்.

அவளும் பொறுத்துப் பார்த்தாள். பயிற்சிப் பேனாவைத் தூக்கி பீரோவில் பழைய துணிகளுக்கு அடியில் போட்டாள். நாலு மாதமாக அவர் தொடையில் இறங்குவது எல்லாமே நிஜ ஊசி.

மருந்துப் பேனாக்கள் பிரிட்ஜில் காய்கறிப் பைக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. போட வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பேனாவை எடுத்து, சமையலறை டப்பாக்களுக்கு நடுவே அரை மணி நேரம் வைத்து, சில்லிப்புப் போன பிறகு கொண்டுவருவாள். முடிந்த பேனாவை ஒரு டின்னில் போட்டு, மாதாமாதம் மருந்து வாங்கப் போகும்போது கைப்பையில் மறைத்து எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பாள். திருடிகூட இவ்வளவு பாடுபட மாட்டாள்.

பலன் இருந்தது. செதில் உதிர்வது நின்று தோல் தெளிந்தது. விரல்கள் மடங்கின. போன மாதத்திலிருந்து பட்டறைக்குப் போகிறார்.

“தினமும் வெந்நீர்ல கைய முக்குறேன் பாரு, அதான் கேட்டுடுச்சு” என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு. அவள் “ஆமா ஆமா” என்று தலையாட்டினாள்.

ஆனால் நாளைக்கு டாக்டர் அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். உள்ளே நுழைந்ததுமே “ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டுக்கறீங்களா?” என்று கேட்பார். குட்டு உடையும். தெரிந்துவிட்டால் இந்த மனுஷன் அடுத்த ஊசிக்குப் படுப்பாரா? மறுபடியும் வீக்கம், மறுபடியும் முடக்கம், மறுபடியும் பொத்தான். நினைக்கும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

அதைவிட, அலுத்துப் போயிருந்தது. நின்று நின்று கால் அலுத்தது ஒரு பக்கம். கட்டின புருஷனிடம் இரண்டு வாரத்துக்கு ஒரு பொய் சொல்லிச் சொல்லி மனசும் அலுத்துவிட்டது. நாளைக்கு யாரோ சொல்லித் தெரிவதைவிட இன்றைக்கே தன் வாயால் சொல்லிவிட்டால் நிம்மதி.

பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் தலையணையை விலக்கி அவளைப் பார்த்தார்.

“என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“ஏங்க, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது. எந்திரிச்சுப் போகக் கூடாது.”

“சொல்லு.”

“நாளைக்கு டாக்டர் எப்படியும் கேப்பாரு. அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நாலு மாசமா நான் உங்களுக்குப் போட்டுட்டு வர்றது…”

அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்து, வீக்கம் வற்றிய விரல்களால் அவள் வாயைப் பொத்தினார்.

“தெரியும். வாயத் திறந்து சொல்லிடாத, அப்புறம் எனக்குப் பயம் வந்துடும்!”