எங்கள் வீட்டுக்கு வராத காய்ச்சல்

பன்றிக் காய்ச்சல் பரவிய 2009ஆம் ஆண்டில் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. அன்று காலை நர்ஸ் பானுப்பிரியா எனக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதினாள்.

"ராத்திரி காய்ச்சல் எதுவும் இருந்துச்சா, ஐயா? இருந்தா ஆபரேஷனைத் தள்ளி வைக்கணும்."

"பன்னிச் சீக்கெல்லாம் மல்லாங்கிணறு முத்துராமலிங்கம் வீட்டுக்கு வராது" என்றேன்.

நான் பிழைத்தேன். நான்காம் நாள், எனக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் பன்றிக் காய்ச்சலில் விழுந்தார். எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே! பரப்பியது பானுப்பிரியாதான் என்று அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

"விஸ்வநத்தத்துல இருந்து வெடிக் கம்பெனி வேன்ல அம்புட்டுப் பேரோட வர்ற பிள்ளை. வேற யாரு கொண்டு வருவா?" என்றாள் என் மனைவி வெள்ளைத்தாய். நான் மறுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பானுப்பிரியா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியாக்கும்?" என்றாள் வெள்ளைத்தாய்.

"இல்லம்மா. ஐயா பொருளை விட்டுட்டு வந்துட்டாக."

என் கையில் ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டையை வைத்தாள். ஆபரேஷனன்று விடியற்காலையில், உடம்பு கொதிக்க, இரண்டை விழுங்கிவிட்டுத் தலையணை உறைக்குள் நான் செருகிய அட்டை.

"மிச்சம் எட்டு இருக்கு. அடுத்த தடவை சொல்லிட்டுப் போடுங்க."

"டாக்டர்ட்ட இதைக் காட்டலையா?" என்றேன்.

"காட்டினா எம் பேச்சை நம்புவாகளா, உங்க பேச்சையா?"

அவள் திரும்பி நடந்தாள்.

"நில்லு தாயி. அந்தப் பேச்சை ஆஸ்பத்திரிக்கு நானே வந்து பேசுறேன்" என்று செருப்பைத் தேடினேன்.