ஆப்ஷன்

ஆப்ஷன் என்பது லத்தீன் வழியாக வந்த சொல்லாம். விரும்பி எடுப்பது என்று அர்த்தமாம்.

என் கணவர் ஞானசிகாமணி முன்னறையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஆபீஸ் சிநேகிதர் திரவியத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

ரோமப் படையில் தலைவன் தனக்கென்று பொறுக்கி வைத்துக்கொண்ட கையாளுக்கும் இந்த வேரில் ஒரு பெயர் உண்டாம். பங்குச் சந்தையில் வேறே அர்த்தமாம். பிள்ளையைத் தத்தெடுப்பதற்கான இங்கிலீஷ் வார்த்தைகூட இதன் உறவாம்.

நல்லது. இந்த மனிதர் எதை விரும்பி எடுத்தார் என்று கேளுங்கள்.

வருகிற நவம்பரில் எங்கள் தெற்குத் தாலுகாக்கள் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்கின்றன. சர்க்கார் வேலையில் இருக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் மெட்ராஸா, கேரளமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் இன்று கேரளம் என்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். திருவனந்தபுரத்திலேயே இருந்தால் சூப்பிரண்டு ஆகிவிடலாமாம்.

மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போன என் தம்பி நேசையனைப் போலீஸ் சுட்டுக் கொன்று இரண்டு வருஷம்தான் ஆகிறது.

அடக்கத்தன்று என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்க ஊருக்கே வந்திருவோம் மாமி” என்று தேம்பியவர் இவர்தான். அம்மா அதை நம்பி ஒண்டியாகக் காத்துக்கொண்டிருக்கிறாள். வெட்கங்கெட்ட மனுஷன்!

சாயாவை மேஜையில் வைத்தேன். வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

திரவியம் தர்மசங்கடத்தோடு என்னைப் பார்த்தார். “அக்காவுக்கும் சம்மதந்தானே?”

“அவளுக்கென்ன? நான் இருக்கிற எடந்தான் அவளுக்கு.”

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“நானும் சர்க்கார் பள்ளிக்கூடத்து டீச்சராக்கும். எனக்கும் ஆப்ஷன் வந்துது. மெட்ராஸுன்னு போன வாரமே எழுதிக் குடுத்தாச்சு.”

திரவியம் எழுந்து செருப்பைத் தேடினார். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. லத்தீன் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

“எங்கிட்ட ஒரு வாக்கு கேக்காண்டாமா, ரத்னா?”

அழக்கூடாது என்றுதான் இருந்தேன்.

“கேக்கணும்னே தோணல. நீங்களும் அதத்தான் எழுதுவீங்கன்னு இருந்தேன்.”